சார்ட் பேப்பரில் கந்தசாமிப் பிள்ளை: ஒரு முதலாண்டு வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைப் புறநகரில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. முதலாண்டு வணிகவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் (பொதுவான மொழிப்பாடம்) நடத்துகிறேன். வகுப்பில் 54 பேர். பெரும்பாலானவர்கள் அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஏழெட்டுப் பேர் வகுப்பு முடிந்ததும் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். தமிழ் வகுப்பை இவர்கள் வெறுப்பதில்லை. ஆனால் அது தேர்வுக்கு முந்தைய இரவில் நோட்ஸ் பார்த்து முடித்துவிடக்கூடிய பாடம் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு.

அந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்ட கதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. 1943-இல் கலைமகளில் வந்தது. பூலோகத்துக்கு வரும் கடவுள், சென்னையில் கந்தசாமிப் பிள்ளை என்ற நடுவயதுக்காரரைச் சந்திக்கிறார், அவரோடு காபி குடிக்கிறார், அவர் வீட்டில் தங்குகிறார், நடனமாடிப் பிழைக்கப் பார்க்கிறார், கடைசியில் மறைந்துபோகிறார். இந்த ஒரு வரிச் சுருக்கம் எல்லா மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததுதான் சிக்கல். கதை கொஞ்சம் நீளம். முதல் நாலைந்து பக்கங்களைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு என்பது வகுப்பில் இரண்டு கேள்வி கேட்டதிலேயே தெரிந்துவிட்டது.

அகமதிப்பீட்டுக்கு எழுத்து அசைன்மென்ட்டுக்குப் பதில் ஏதாவது படைப்பு வழியில் செய்யலாம் என்று துறையில் பேச்சு வந்தது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஒரே நோட்ஸிலிருந்து எடுத்த 54 கட்டுரைகளைத் திருத்துவதைவிட எதுவும் மேல் என்ற சுயநலமும் அதில் இருந்தது.

முதல் சுற்று

ஆறு பேருக்கு ஒரு குழு, மொத்தம் ஒன்பது குழுக்கள், ஒரு வாரம் அவகாசம். “கதையை வைத்து ஒரு காட்சிப் படைப்பு செய்து வாருங்கள். படம், மாதிரி, போஸ்டர், எதுவானாலும் சரி” என்று சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சுதந்திரம் கொடுத்தால் கற்பனை தானாக வரும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து வகுப்பறை திருவிழாவாகிவிட்டது. ஒன்பதில் ஏழு குழுக்கள் சிவபெருமானைக் கொண்டுவந்திருந்தன. காலண்டரில் வெட்டி ஒட்டிய சிவன், கலர் பிரின்ட் எடுத்த சிவன், தெர்மாக்கோலில் கயிலாய மலை, அதன்மேல் பஞ்சை ஒட்டிப் பனி. ஒரு குழு சின்ன பல்புகூடப் பொருத்தியிருந்தது. ஒரு மாணவர் கையாலேயே பென்சிலில் வரைந்திருந்த சிவன் உண்மையிலேயே அருமை. அவருடைய அப்பா சுவரெழுத்துக் கலைஞர். கை அப்படித்தான் வரும்.

ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: “இதில் கந்தசாமிப் பிள்ளை எங்கே?”

“இடம் பத்தல சார்” என்றது ஒரு குழு. இன்னொரு குழு ஓரத்தில் நிற்கும் நந்தியைக் காட்டிவிட்டுச் சிரித்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, “கடவுளை முதலில் யார் சாமியார் என்று கூப்பிடுகிறார்கள்?” என்று கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. கதையைத் திறக்காமலேயே ஒன்பது படைப்புகளும் உருவாகியிருந்தன. தலைப்பில் ‘கடவுள்’ என்ற சொல் இருந்தது, அதை வரைந்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது. நான் கேட்டது அதைத்தான்.

பணக் கணக்கும் உறுத்தியது. ஒரு குழு ஸ்டேஷனரி கடையில் 600 ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தது. பங்கு கொடுக்க முடியாத ஒரு மாணவி பின்வரிசையில், தன் குழுவோடு சேராமல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலேயே, “நான் வேலைக்குப் போறேன் சார், அதான் வர முடியல” என்றார். பணம்தான் காரணம் என்று அவருடைய தோழி பிறகு சொன்னார்.

திருப்பிய கேள்வி

அந்த மாணவிதான் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “ஐயா, ஒன்றே காலணான்னா இப்ப எவ்வளவு?”

கதையின் தொடக்கத்தில் வருவது அது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை யோசிக்கிறார். டிராமில் போனால் ஒன்றே காலணா, காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றி, சென்ட்ரல் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால் அரை கப் காபி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தக் கணக்கில் அவர் மூழ்கியிருக்கும்போதுதான் கடவுள் எதிரே வருகிறார்.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, 1957-இல் தசமக் காசு வந்த பிறகு அதெல்லாம் போனது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் அங்கேயே கூட்டிப் பார்த்தார். ஒன்றே கால், அதோடு மிஞ்சுகிற கால். “அப்போ அவர் கையில மொத்தமே ஒன்றரை அணாதானா? ஒன்பது பைசா சொச்சம்!” என்றார்.

இத்தனை வருடம் இந்தக் கதையை நடத்தியிருக்கிறேன். பிள்ளையின் சட்டைப்பையில் எவ்வளவு இருந்தது என்று நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

மாற்றிய முடிவுகளும் காரணங்களும்

முதல் சுற்றுக்கு மதிப்பெண் போடுவதில்லை என்று அறிவித்தேன். முணுமுணுப்பு எழுந்தது, நியாயமானதுதான். இரண்டாம் சுற்றை வகுப்பு நேரத்திலேயே, மூன்று பாடவேளைகளில் செய்வதென்று முடிவானது. வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் கடைக்குத்தான் போகும். சார்ட், கறுப்புப் பேனா, ஒரே ஒரு வண்ணப் பேனா, எல்லாம் துறையே கொடுத்தது. வேறு எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.

அப்புறம் மூன்று விதிகள் வைத்தேன். முதலாவது, படம் என்னவென்று தீர்மானிப்பதற்கு முன் கதையைப் பற்றி ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். படத்தின் வடிவம் அந்தக் கேள்விக்குப் பொருந்த வேண்டும். ‘எங்கே’ என்ற கேள்விக்கு நிலப்படம் பொருந்தும், ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குப் பொருந்தாது. இரண்டாவது, சார்ட்டில் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் சொல்லுக்கும் பக்க எண்ணும் வரி எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். கதையில் இல்லாததை நீங்களாக ஊகித்தால் பென்சிலில் மட்டும் போடலாம். மூன்றாவது, கடவுளின் உருவத்தை வரையக் கூடாது.

மூன்றாவது விதியைப் பற்றிச் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “படைப்பாற்றல்னு சொல்லிட்டு, அதை வரையாதே இதை வரையாதேன்னா எப்படி?” அவர் கேட்டது சரிதான். ஆனால் வெறும் சார்ட்டைக் கையில் கொடுத்தால் மனசு முதலில் போவது எல்லோருக்கும் தெரிந்த படத்துக்குத்தான். அந்த வழியை அடைத்தால் வேறு வழி தேடுவார்கள் என்று நினைத்தேன். விதியைச் சொன்ன விதம் தவறு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

நிலப்படக் குழு

“பிள்ளை எந்த வழியாக வீட்டுக்குப் போனார்?” என்பது இவர்கள் கேள்வி. குழுவில் ஒருவர் ராயபுரம். பிராட்வேயைத் தெரியும் என்று தைரியமாக ஆரம்பித்தார். பிராட்வே இப்போது பிரகாசம் சாலை என்பதும், பேருந்து நிலையத்தை மட்டும் இன்றும் பிராட்வே என்றே எல்லோரும் சொல்கிறோம் என்பதும் வகுப்பில் கொஞ்ச நேரம் பேச்சானது. சென்னையில் டிராம் ஓடியதே பலருக்குப் புதுச் செய்தி. 1895-இல் தொடங்கி 1953-இல் நின்றது என்று சொன்னேன். கதை எழுதப்பட்டபோது அது அன்றாட வண்டி.

டிராம் வழி ஒரு கோடு, பஸ் வழி ஒரு கோடு, சென்ட்ரலில் ஒரு புள்ளி (கண்டக்டரை ஏமாற்றும் எல்லை) என்று போட்டார்கள். பிறகுதான் அவர்களுக்கு ஒன்று தட்டுப்பட்டது. இத்தனை கணக்குப் போட்ட மனிதர் கடைசியில் டிராமிலும் போகவில்லை, பஸ்ஸிலும் போகவில்லை. கடவுளோடு ரிக்‌ஷாவில் போகிறார். பிள்ளையின் காலணா அரையணாக் கணக்கெல்லாம் கடவுள் வந்ததும் தேவையில்லாமல் போய்விடுகிறது.

அந்த ரிக்‌ஷா எந்தெந்தத் தெரு வழியாகப் போனது என்று வரையும்போது, ஒரு மாணவர் மவுண்ட் ரோடு வழியாகக் கோடிழுத்தார். “எந்த வரி?” என்று அவருடைய குழுவிலேயே ஒருத்தி கேட்டாள். வரி காட்ட முடியாமல் கோடு பென்சிலுக்கு மாறியது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரொக்க ஏட்டுக் குழு

ஒன்பதில் பார்ப்பதற்கு மிக அழகில்லாத சார்ட் இதுதான். நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். ஒன்றே காலணாவைப் பற்றிக் கேட்ட மாணவி இந்தக் குழு. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் என்பதால் பண வரவு செலவை எழுதும் ரொக்க ஏட்டின் வடிவம் கையிலேயே இருந்தது. தேதிக்குப் பதில் பக்க எண், விவரம், ரூபாய், அணா, பை.

ஒன்றரை அணா தொடக்க இருப்பு. அடுத்தது காபி ஹோட்டல். பில் மூன்றணா. கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு. ஹோட்டல்காரர் மீதி 99 ரூபாய் 13 அணாவை எண்ணித் தருகிறார், சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார். தனக்குக் கணக்கு வராது என்கிறார் கடவுள். அந்த மீதியில் போலிப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைத் தள்ளிவிட்ட திருப்தி ஹோட்டல்காரருக்கு.

இங்கே குழு நின்றுவிட்டது. 99-13-0 என்று எழுதுவதா, 89-13-0 என்று எழுதுவதா? ஒரு பாடவேளையில் பாதி இதிலேயே போனது.

“போலி நோட்டு செல்லாது. 89தான்” என்றார் ஒருவர்.

“ஆனா கடவுளுக்கு அது தெரியாதே? அவர் ஏட்டுல 99தான் இருக்கும்.”

“அப்ப யாரோட ஏடு இது?”

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கதை திறந்தது. போலி நோட்டு விஷயத்தை அந்த மேசையில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கதை சொல்பவர் வாசகரிடம் சொல்கிறார், அவ்வளவுதான். எல்லாம் அறிந்தவர் என்று நாம் நம்பும் ஆள் அங்கே உட்கார்ந்திருக்க, அவருக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிகிறது. கதைசொல்லியின் கோணம் என்று நான் பலமுறை பலகையில் எழுதிப் போட்ட விஷயம் இது. யாருக்கும் ஏறியதில்லை. ஒரு ரொக்க ஏட்டின் இருப்புத் தொகையில் தகராறு வந்ததும் ஏறிவிட்டது. கடைசியில் இரண்டு பத்திகள் போட்டார்கள்: ‘கையில் இருப்பதாக நினைப்பது’, ‘உண்மையில் இருப்பது’.

பிறகு கதை முழுவதும் பணம் தேடிப் போனார்கள். பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகையின் சந்தா வருகிறது. கடைசிப் பக்கத்தில் கடவுள் மறைந்த பிறகு மேசைமேல் கிடக்கும் 25 ரூபாய் வருகிறது. பிள்ளை அதைக் கைலாசபுரம் பரமசிவம் பிள்ளையின் ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) என்று கணக்கில் வரவு வைக்கிறார். அந்த மாணவி எழுந்து நின்று சொன்னார்: “ஐயா, கதை கணக்குல ஆரம்பிச்சு கணக்குலதான் முடியுது. கடவுள் போனதுக்கு அவர் அழல, கும்பிடல. வரவு வைக்கிறார்.”

ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போடுவது போல் கடைசியில் கூட்டி முடிக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். எல்லாச் செலவுக்கும் கதையில் தொகை கிடைக்கவில்லை என்பதால் ‘இருப்பு கட்டப்படவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். கடவுள் போகும்போது, உங்களிடம் தள்ளி நின்று வரம் தரலாம், கூடவே வாழ முடியாது என்ற கருத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார் இல்லையா? ‘வரம்’ என்று விவரப் பத்தியில் எழுதி, ரூபாய், அணா, பை மூன்றையும் காலியாக விட்டிருந்தார்கள். அதற்கும் பக்க எண் போட்டிருந்தார்கள்.

மற்ற குழுக்கள்

ஒரு குழு நடுவில் வெற்று வட்டம் போட்டு, சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் கடவுள் யாராகத் தெரிகிறார் என்று எழுதியது. ஹோட்டல்காரருக்குச் சாமியார், பிள்ளைக்குச் சந்தாதாரர், பிள்ளையின் குழந்தைக்குத் தாத்தா, நடனத்தைப் பார்க்கும் பெரிய மனிதருக்குக் கலை தெரியாத ஆள். கதையின் கடைசி வரி தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று குழந்தை கேட்பது என்பதால், அந்த ஒரு கோட்டை மட்டும் வண்ணப் பேனாவில் இழுத்திருந்தார்கள். நல்ல வேலை.

ஒரு குழு பிள்ளையின் மனநிலையை வரைகோட்டுப் படமாகப் போட்டது. மகிழ்ச்சி பூஜ்யத்திலிருந்து பத்து வரை. காபி குடிக்கும்போது 7, நடனம் நிராகரிக்கப்படும்போது 2. ஏன் 7, ஏன் 6 இல்லை என்று கேட்டால் பதில் இல்லை. இந்த வடிவத்தை அனுமதித்தது என் தவறு. பார்க்க அறிவியல் மாதிரி இருந்ததால் ஏமாந்துவிட்டேன். மூன்று குழுக்கள் சுமாராகச் செய்தன, ஒரு குழு பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பென்சில் சிவன் வரைந்த மாணவர்

இவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடவுள் உருவம் கூடாது என்று நான் வகுப்பில் அறிவித்தபோது, அவருடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அறிவித்தேன். உதாரணத்துக்காக எடுத்தேன். அவருக்கு அது அவமானமாகப் பட்டிருக்கிறது. அடுத்த பாடவேளையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் வரவில்லை.

மூன்றாம் பாடவேளைக்கு வந்தவர், நேராக என்னிடம் வந்து, “முகம் வரையக் கூடாது, கை வரையலாமா சார்?” என்று கேட்டார். கோபம் இன்னும் இருந்தது. வரையலாம் என்றேன். காபி ஹோட்டல் காட்சியை நாலு கட்டங்களில், வெறும் கைகளாக வரைந்தார். டம்ளரைப் பிடித்த கை, நூறு ரூபாயை நீட்டும் கை, எண்ணும் கை, வாங்கிக்கொள்ளும் கை. எது யாருடைய கை என்பது விரல்களிலேயே தெரிந்தது. நோட்டுக் கட்டில் போலி நோட்டு எத்தனையாவது என்று கதையில் இல்லாததால், அந்த நோட்டை மட்டும் பென்சிலில் போட்டிருந்தார்.

படம் சிறப்பாக வந்தது என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றார். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்விளைவு

சார்ட்டுகளைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவின் சார்ட்டில் வரி எண்ணைச் சரிபார்க்க வைத்தேன். தவறான எண்கள் நிறையச் சிக்கின. அதற்காகவே புத்தகம் மறுபடி மறுபடி திறக்கப்பட்டது.

பருவத்தின் கடைசி அகத்தேர்வில் கதையின் முடிவைப் பற்றி ஒரு கேள்வி வைத்தேன். முந்தைய ஆண்டுகளில் ‘கடவுள் மறைந்தார், மனிதர்கள் மாறவில்லை’ என்ற நோட்ஸ் வாக்கியம்தான் வரிசையாக வரும். இம்முறை பாதிக்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவு வைப்பதையோ குழந்தையின் கேள்வியையோ குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். சிலர் நன்றாகவும் எழுதியிருந்தார்கள்.

இதற்குப் படம் வரைந்ததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று பாடவேளை ஒரே கதையோடு உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். படத்தினால் கிடைத்தது, அவர்களை அத்தனை நேரம் உட்காரவைக்க ஒரு சாக்கு. எந்தச் சாக்கு என்பது முக்கியம். தெர்மாக்கோல் மலையும் ஒரு வாரம் உட்காரவைத்தது, ஆனால் கதையோடு அல்ல.

அடுத்த முறைக்கான மாற்றங்கள்

அணா கணக்கு, டிராம் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே அரைப் பக்கம் அச்சிட்டுக் கொடுப்பேன். ஒரு மாணவி வெட்கத்தை விட்டு வந்து கேட்டதால் அது நடந்தது. கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ஒன்பது குழுக்கள் அதிகம். மூன்று குழுக்களுக்கு நான் போய்ச் சேரவே இல்லை, அந்தச் சார்ட்டுகளே அதைக் காட்டின. சார்ட்டோடு ஒவ்வொருவரும் தனியாகப் பத்து வரி எழுதித் தர வேண்டும் என்று சேர்ப்பேன். குழுவில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது. மதிப்பெண்ணில் அழகுக்கு எதுவும் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். கடவுள் உருவத்துக்குத் தடை போடுவதற்குப் பதில், “கடவுளை வரையாமல் அவர் அங்கே இருப்பதைக் காட்ட முடியுமா?” என்று கேட்பேன். யாருடைய படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு பேசமாட்டேன்.

அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இதே ஆசிரியரின் ‘சாப விமோசனம்’ வைத்தேன். சீனியர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, முதல் நாளே மூன்று குழுக்கள் ரொக்க ஏட்டோடு வந்து நின்றன. அகலிகையின் கதைக்கு ரொக்க ஏடு! மூன்றையும் திருப்பிக் கொடுத்து, “இந்தக் கதையில் யாரும் காசு எண்ணவில்லையே, வேறு என்ன கைமாறுகிறது?” என்று கேட்டேன். இரண்டு குழுக்கள் வேறு எதையோ செய்யப் போய்விட்டன. மூன்றாவது குழு ஏட்டை விடவில்லை. பற்று, வரவு என்ற தலைப்புகளை அடித்துவிட்டு, ‘சேதி’, ‘யார் சொன்னது’, ‘யாருக்கு’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். சீதை தீக்குளித்த சேதி அகலிகைக்கு யார் வாயால் வந்தது என்ற வரியில் வண்ணப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.